வாசலில் ஒரு வெள்ளைச் சுவர்

அமெரிக்காவின் பஃபலோ நகரில் குளிர்காலம் என்பது வீட்டு வாசலுக்கும் தெருவுக்கும் இடையிலுள்ள ஐம்பது அடியில் நடக்கும் போர். எந்த ஆயுதத்தை எடுப்பது, எப்போது கீழே வைப்பது என்பதில் உயிரே அடங்கியிருக்கிறது.

2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை பிற்பகல். பஃபலோவை ஒட்டிய வில்லியம்ஸ்வில் என்ற சிற்றூரில் ஒரு வீட்டின் கதவு தட்டப்பட்டது. வெளியே எதிர் வீடுகூடக் கண்ணுக்குத் தெரியாத பனிப்புயல். கதவைத் திறந்தால் இரண்டு பேர் நின்றார்கள். நயாகரா அருவியைப் பார்க்க வேனில் வந்துகொண்டிருந்த தென் கொரியச் சுற்றுலாக் குழுவைச் சேர்ந்தவர்கள். வேன் பள்ளத்தில் சிக்கிக்கொண்டது. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பனியை அள்ள ஒரு ஷவல் கிடைக்குமா?

வீட்டுக்காரர் ஷவலைத் தரவில்லை. எல்லோரும் உள்ளே வந்துவிடுங்கள் என்றார். பயணிகள் ஒன்பது பேர், ஓட்டுநர் ஒருவர் என்று பத்துப் பேரும் இரண்டு இரவுகள் அங்கேயே தங்கினார்கள். அந்தத் தம்பதிக்குத் தற்செயலாகக் கொரியச் சமையலில் ஈடுபாடு. கிம்ச்சி ஊறுகாயும் சோயா சாறும் கொரிய மிளகாய்த்தூளும் சமையலறையில் தயாராக இருந்தன. விருந்தாளிகளே சமைத்தார்கள். கிறிஸ்துமஸ் நாளன்று சாலை திறந்த பிறகு விடைபெற்றுக் கிளம்பினார்கள்.

பத்திரிகைகள் இந்த விருந்தோம்பலைக் கொண்டாடின. கொண்டாட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாமல் போன சின்ன விஷயம் ஒன்று உண்டு. ஷவலை எப்போது கொடுக்கக் கூடாது என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. பஃபலோவில் அது சாதாரண அறிவல்ல. அந்தப் புயல் முடிந்தபோது ஈரி மாவட்டத்தில் 47 பேர் இறந்திருந்தார்கள்.

நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது பஃபலோ. 1825இல் ஈரி கால்வாய் திறக்கப்பட்டதும் வளர ஆரம்பித்த ஊர். நாட்டின் நடுப்பகுதியில் விளைந்த தானியமெல்லாம் இந்தத் துறைமுகத்தில் இறங்கித்தான் கிழக்கே போயிற்று. நயாகராவின் மின்சாரம் பக்கத்திலேயே கிடைத்ததால் தெருவெல்லாம் விளக்கு எரிந்தது. பிறகு எஃகு ஆலைகள் வந்தன, போயின. 1950இல் 5.8 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2020இல் 2.78 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆற்றங்கரையில் இன்றும் நிற்கும் பிரம்மாண்டமான தானியக் கிடங்குகள் பழைய பெருமைக்குச் சாட்சி. இப்போது ஊர் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருபவை இரண்டு: 1964இல் இங்கே ஒரு மதுக்கடையில் பிறந்ததாகச் சொல்லப்படும் காரமான கோழி இறக்கை வறுவல், பிறகு பனி.

ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 8 அடி பனி பெய்கிறது. அது ஒரே சீராகப் பெய்தால் சமாளித்துவிடலாம். பெய்யும் விதம்தான் பஃபலோவின் தலைவிதி. தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஏறக்குறைய 390 கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது ஈரி ஏரி. நவம்பரில் கனடாவிலிருந்து உறைகுளிர்க் காற்று இறங்கும்போது ஏரி நீரில் கோடையின் சூடு கொஞ்சம் மிச்சமிருக்கும். காற்று ஏரியின் நீளவாக்கில் வீசினால் வழிநெடுக ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே வருகிறது. கரையில் ஏறியதும் சுமந்து வந்ததைக் கொட்டிவிடுகிறது. கரை தொடங்கும் இடத்தில்தான் ஊர் இருக்கிறது.

இந்தப் பனி மேகம் அகலமானதல்ல. சில கிலோமீட்டர் பட்டைதான். 2014 நவம்பரில் வடக்குப் பஃபலோவில் சில அங்குலமே பெய்தது. சற்றுத் தெற்கே புறநகர்களில் ஐந்து அடிக்கு மேல். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஏரியிலிருந்து ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நிற்பது போலத் தெரிந்தது. தெற்குப் புறநகர்வாசிகள் காலையில் கதவை உள்பக்கமாக இழுத்துத் திறந்தபோது வாசல் இல்லை. கதவின் மரச்சட்ட அச்சு அப்படியே பதிந்த பனிச்சுவர்தான் நின்றது. நெடுஞ்சாலையில் நயாகரா பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணி வந்த பேருந்து ஒரு நாளுக்கும் மேலாகச் சிக்கிக் கிடந்தது. 2022 நவம்பரில் ஆர்ச்சர்ட் பார்க், ஹாம்பர்க் ஆகிய புறநகர்களில் ஒரே புயலில் ஆறரை அடிக்கு மேல் கொட்டியது.

ஈரி, ஐம்பெரும் ஏரிகளில் ஆழம் குறைந்தது. அதனால் சீக்கிரம் உறைந்துவிடும். உறைந்தால் ஈரம் எழும்பாது, பனிக்கடை மூடப்படும். ஆனால் அதையும் நம்ப முடியாது என்று 1977 ஜனவரி காட்டியது. உறைந்த ஏரியின் மேல் வாரக்கணக்கில் சேர்ந்து கிடந்த பனியைப் புயற்காற்று வாரிக்கொண்டுவந்து ஊருக்குள் கொட்டியது. வானத்திலிருந்து புதிதாக விழுந்தது ஒரு அடிதான். வீடுகளோ கூரை வரை புதைந்தன. 1985இல் இன்னொரு புயல். அப்போதைய மேயர் ஜிம்மி கிரிஃபின் மக்களுக்குச் சொன்ன யோசனை புகழ்பெற்றது: வெளியே வராதீர்கள், ஆறு பீர் வாங்கி வைத்துக்கொண்டு டி.வி.யில் கால்பந்து பாருங்கள். ஊர் சிரித்தது. டாக்டர்களைக் கேட்டால் பீரைத் தவிர மற்றதெல்லாம் சரியான யோசனை என்பார்கள்.

அமெரிக்கப் புறநகர் வீட்டின் முன்னே, கார் நிற்கும் கராஜிலிருந்து தெரு வரைக்கும் ஒரு சொந்தப் பாதை உண்டு. டிரைவ்வே என்பார்கள். நம் ஊர் வாசலைப் போல அதுவும் வீட்டின் முகம்தான். தெருவை மாநகராட்சி பார்த்துக்கொள்ளும். டிரைவ்வேயும், வீட்டுக்கு முன்னால் போகும் நடைபாதையும் வீட்டுக்காரர் பொறுப்பு. அள்ளிய பனியைத் தெருவில் கொட்டுவது சட்டப்படி குற்றம்.

கணக்கு எளிமையானது. 15 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள டிரைவ்வேயில் ஒரு அடி பனி பெய்தால் ஏறக்குறைய 22 கன மீட்டர். உலர்ந்த புதுப்பனி கன மீட்டருக்கு நூறு கிலோ இருக்கும் என்று வைத்தால் இரண்டே கால் டன். ஈரப்பனி என்றால் இரட்டிப்பாகி நாலரை டன். தடவைக்கு 7 கிலோ வீதம் அள்ளினால் அறுநூறு தடவைக்கு மேல் குனிந்து நிமிர வேண்டும். அதுவும் ஆபீசுக்குப் புறப்படும் முன்.

தமிழில் பனி என்ற ஒரே சொல் புல்நுனியில் நிற்கும் துளிக்கும் ஆகும்; மார்கழி விடியலின் மூட்டத்துக்கும் ஆகும்; இமயத்தின் வெள்ளைக்கும் ஆகும். பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஆம்ஹெர்ஸ்ட் பகுதியில் குடியேறும் இந்தியக் குடும்பங்கள் முதல் குளிர்காலத்திலேயே அந்த ஒரு சொல் போதாது என்று கற்றுக்கொள்கின்றன. பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே பெய்வது சர்க்கரைப் பொடி, விளக்குமாற்றால் தள்ளிவிடலாம். பூஜ்யத்தை ஒட்டிப் பெய்வது ஈர சிமென்ட். இந்த இரண்டாவது வகைக்கு அமெரிக்கர்கள் வைத்திருக்கும் பெயரில் கவித்துவம் எதுவும் கிடையாது: மாரடைப்புப் பனி.

முதல் கருவி ஷவல். ஹார்டுவேர் கடையில் வரிசையாகத் தொங்கும் ஷவல்கள் எல்லாம் ஒன்று போலத் தோன்றினாலும் இரண்டு சாதிகள் உண்டு. தட்டு அகலமாகவும் வளைவாகவும் இருப்பது தள்ளுவதற்கு. குழிவாக, சற்றுச் சிறியதாக இருப்பது அள்ளி வீசுவதற்கு. வாங்குபவர்கள் செய்யும் பொதுவான தவறு, பெரியதாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று மிக அகலமான அள்ளும் ஷவலை எடுப்பது. ஈரப்பனி நிரம்பிய பெரிய தட்டைப் பத்து முறை தூக்கினால் முதுகு தன் கருத்தைச் சொல்லிவிடும். பிளாஸ்டிக் தட்டு இலேசானது; பனி அதிகம் ஒட்டாது. உலோக விளிம்பு இருந்தால் தரையோடு உறைந்த பனிக்கட்டியைச் சுரண்ட உதவும். காம்பு நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும். நடுவில் வளைந்த காம்பு, குனிவதைக் குறைக்கிறது.

தட்டில் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவினால் பனி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும். தோசைக்கல்லுக்கு உள்ள அதே நியாயம்தான். முடிந்தவரை தள்ள வேண்டும், தூக்கக் கூடாது. தூக்கியே ஆக வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி, பாதித் தட்டு மட்டும். தோளுக்கு மேலாகப் பின்புறம் வீசுவது ஆகவே ஆகாது. இடுப்பைத் திருகாமல், காலடி எடுத்துத் திரும்ப வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமானது நேரம். புயல் நிற்கட்டும் என்று காத்திருந்து ஒரு அடியை மொத்தமாக அள்ளுவதை விட, இரண்டு மூன்று அங்குலம் சேரும்போதெல்லாம் வெளியே வந்து தள்ளிவிட்டுப் போவது உடம்புக்கு நல்லது.

உடம்பு என்றால் முதுகு மட்டுமில்லை. 1990 முதல் 2006 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்த ஓர் அமெரிக்க ஆய்வு, ஷவலால் பனி அள்ளியதில் ஆண்டுக்குச் சராசரி 11,500 பேர் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்ததாக மதிப்பிட்டது. இறந்தவர்கள் ஆண்டுக்குச் சுமார் நூறு பேர். அந்த மரணங்கள் இதயத்தால் வந்தவை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் 2014 வரையிலான பதிவுகளைப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் 2017இல் இன்னொரு உண்மையை வெளியிட்டார்கள். 20 செ.மீ. பனி பெய்த மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் இறக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடியது. பெண்களிடம் அப்படித் தெளிவான உயர்வு காணப்படவில்லை. ஷவலை எடுப்பது பெரும்பாலும் யார் என்பதில் விடை இருக்கலாம்.

1995இல் வெளியான ஒரு சோதனை விஷயத்தை இன்னும் தெளிவாக்கியது. மிச்சிகனைச் சேர்ந்த உடற்பயிற்சியியல் நிபுணர் பாரி ஃபிராங்க்ளினும் சகாக்களும், ஆரோக்கியமாக இருந்தும் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பத்து ஆண்களை ஈரப்பனி அள்ள வைத்தார்கள். இரண்டே நிமிடத்தில் நாடித் துடிப்பு உடற்பயிற்சிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பைத் தாண்டியது. காரணங்கள் பல. காலை விடக் கைக்கு அதிக வேலை கொடுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். பாரம் தூக்கும்போது மூச்சை அடக்குவது வழக்கம்; அது இன்னும் ஏற்றும். குளிர் காற்று இரத்த நாளங்களைச் சுருக்கும். இதயத்துக்கு இரத்தம் அதிகம் தேவைப்படும் நேரத்தில் வழி குறுகிவிடுகிறது. போதாததற்கு, மாரடைப்புகள் அதிகம் நேரும் காலை வேளையில்தான் மக்கள் ஷவலை எடுக்கிறார்கள். வருடம் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஐம்பது வயது மனிதர் ஒருநாள் விடியற்காலை திடீரென்று மல்யுத்த வீரராகிறார். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விடுவது நல்லது என்பது ஃபிராங்க்ளினின் அறிவுரை.

வேறு யாரிடமாவது என்றால் இயந்திரத்திடம். முதல் பெரிய பனி வீசும் இயந்திரத்தை உருவாக்கியவர் கியூபெக்கைச் சேர்ந்த ஆர்தர் சிகார். ஆண்டு 1925. பண்ணையில் கதிரடிக்கும் இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை அது என்பார்கள். லாரி மீது ஏற்றப்பட்ட அந்த ராட்சசனை 1927இல் மாண்ட்ரியாலுக்குப் பக்கத்திலுள்ள ஊட்ரமான் என்ற ஊர் வாங்கியது. கையால் தள்ளிக்கொண்டு நடக்கும் வீட்டு இயந்திரங்கள் 1950களில்தான் வந்தன. புல்வெட்டி தயாரிக்கும் டோரோ நிறுவனம் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ஒன்றை வெளியிட்டது. 1960இல் விஸ்கான்சினின் ஏரியன்ஸ் நிறுவனமும் இறங்கியது. இன்று புறநகர்க் கராஜ்களில் கோடையில் புல்வெட்டியும் குளிரில் ஸ்னோ புளோயரும் அடுத்தடுத்து நிற்கின்றன.

பெயரில் ஊதுவது இருந்தாலும் இயந்திரம் ஊதுவதில்லை, விழுங்கி வீசுகிறது. முன்புறம் ஒரு பெட்டி வாய். அதற்குள் திருகு போலச் சுழலும் தகடு. சின்ன இயந்திரத்தில் இந்தத் தகடே பனியைக் கவ்வி மேலே உள்ள குழாய் வழியாக வீசிவிடும். இதை ஒற்றைக் கட்ட இயந்திரம் என்கிறார்கள். தகட்டின் ரப்பர் விளிம்பு தரையைத் தொட்டுக்கொண்டே போவதால் தளம் சுத்தமாகிவிடும். சுமார் 8 அங்குலம் வரையிலான பனிக்கும், சிமென்ட் அல்லது தார் போட்ட சமதளத்துக்கும் இது போதும். சரளைக்கல் பாதையில் ஓட்டினால் கல்லையும் சேர்த்து வீசும். பக்கத்து வீட்டுச் சன்னல் பிழைக்காது.

பெரிய இயந்திரத்தில் இரண்டு கட்டம். திருகுத் தகடு பனியைக் கடித்து உள்ளே தள்ளும். பின்னால் வேகமாகச் சுழலும் விசிறி அதை வாங்கித் தூர வீசும். சக்கரத்துக்கும் எஞ்சினே சக்தி தருவதால் மனிதர் கூடவே நடந்தால் போதும். வாயைத் தரையிலிருந்து சற்றுத் தூக்கி நிறுத்தும் சறுக்குத் தகடுகள் இருப்பதால் சரளையிலும் ஓடும். ஆழமான பனிக்கும் சரிவான பாதைக்கும் இதுதான். விலை ஆயிரம் டாலரைச் சுலபமாகத் தாண்டும். எடை நூறு கிலோவை எட்டும். கராஜில் அரைப் பங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் இயந்திரங்களும் இப்போது ஏராளம். சத்தம் குறைவு, புகையில்லை, கயிற்றை இழுத்து மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கடுங்குளிரில் பேட்டரி சீக்கிரம் தளரும் என்பதால் அதை வீட்டுக்குள் வைத்திருந்து, வேலைக்கு மட்டும் வெளியே எடுத்து வர வேண்டும்.

எதை வாங்குவது என்பதைப் பலரும் குதிரைசக்தியைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது பாதையின் கடைசி நாலடியை. பனி தள்ளும் மாநகராட்சி லாரி தெருவைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது, தள்ளிய பனியையெல்லாம் ஒவ்வொரு வீட்டு டிரைவ்வேயின் வாயிலும் வயல் வரப்பு போலக் கட்டிவிட்டுப் போகிறது. இந்த வரப்பு சர்க்கரைப் பொடியல்ல. உப்பும் சகதியும் பனிக்கட்டியும் கலந்து இறுகிய சுவர். ஒரு மணி நேரம் கஷ்டப்பட்டு முழுப் பாதையையும் சுத்தம் செய்துவிட்டு, காபி குடிக்க உள்ளே போய்த் திரும்பி வந்தால் வரப்பு காத்திருக்கும். ஏற்கெனவே களைத்திருக்கும் மனிதர் கோபத்தோடு மறுபடி ஷவலை எடுக்கும் அந்தக் கணம் ஆபத்தானது. சின்ன இயந்திரங்கள் தோற்பதும் இந்த வரப்பில்தான்.

அனுபவசாலிகளிடம் இதற்கு ஒரு உபாயம் இருக்கிறது. தெருவைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம், அதாவது லாரி வரும் திசையில், தெருவோரமாக ஒரு கார் நிற்கும் அளவு இடத்தை முன்கூட்டியே காலி செய்து வைக்க வேண்டும். அமெரிக்காவில் வண்டிகள் வலதுபுறம் போவதால் லாரி இடமிருந்து வரும். அது சுமந்துவரும் பனி அந்தக் காலி இடத்தில் கொட்டிவிடும். டிரைவ்வேக்கு வரும்போது கத்தி பாதி காலி. அள்ளிய பனியையும் வலதுபுறமே குவிக்க வேண்டும். இந்த உபாயத்துக்குச் செலவு கிடையாது.

இயந்திரம் இதயத்தைக் காப்பாற்றுகிறது, கையைக் காப்பாற்றுவதில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அமெரிக்கக் கை அறுவை நிபுணர்கள் ஒரே மாதிரிக் காயத்தைப் பார்க்கிறார்கள். ஈரப்பனி குழாயில் அடைத்துக்கொள்கிறது. ஓட்டுபவர், பெரும்பாலும் நடுவயது ஆண், எஞ்சினை நிறுத்துகிறார். நிறுத்திவிட்டோமே என்ற நம்பிக்கையில் கையை உள்ளே விட்டு அடைப்பை எடுக்கிறார். அடைப்பால் முறுக்கேறி நின்ற விசிறியில் இன்னும் விசை பாக்கி இருக்கிறது. அடைப்பு விடுபட்டதும் அது ஒரு சுற்றுச் சுற்றுகிறது. ஒரு சுற்றே போதும். வழக்கமாக எழுதும் கையின் விரல்கள் போய்விடுகின்றன. கையுறை தடுக்காது. நிறுத்தி, சற்றுப் பொறுத்து, குச்சியால் மட்டுமே அடைப்பை எடுக்க வேண்டும். இதற்கென்றே பல இயந்திரங்களில் ஒரு பிளாஸ்டிக் கோலை மாட்டியே விற்கிறார்கள். கைப்பிடியை விட்டால் தகடு நின்றுவிடும் அமைப்பும் இருக்கிறது. சோம்பல்பட்டு அந்தப் பிடியைக் கயிற்றால் கட்டிவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

உடைய வேண்டியது ஒன்று உண்டு. திருகுத் தகட்டைத் தண்டோடு இணைக்கும் போல்ட்டை வேண்டுமென்றே வலுக்குறைவாகச் செய்திருப்பார்கள். பனிக்குள் புதைந்த செய்தித்தாள் கட்டோ செங்கல்லோ மாட்டினால் அந்த போல்ட் முறிந்து, விலை உயர்ந்த பல்சக்கரப் பெட்டியைக் காப்பாற்றும். விவரமறியாதவர் அதற்குப் பதிலாகக் கெட்டியான எஃகு போல்ட்டை மாட்டிவிட்டு, அடுத்த முறை பெட்டியையே உடைத்துக்கொள்கிறார். கையிருப்பில் நாலு போல்ட் வைத்திருப்பவர்தான் அனுபவசாலி.

பாதை தெரிந்ததும் உப்பு. சாதாரண உப்பு பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி வரை பலன் தரும். அதற்கும் கீழே கால்சியம் குளோரைடுதான். அள்ளித் தெளித்தால் சிமென்ட் தரை பெயரும், நாயின் பாதம் எரியும், மிச்சம் கரைந்து ஏரிக்குப் போய்ச் சேரும். வழுக்காமல் இருக்க மட்டும்தான் தேவை என்றால் மணலே போதும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: வீட்டைச் சூடாக்கும் உலையின் புகைக்குழாய் பல வீடுகளில் பக்கச் சுவரில் தாழ்வாக இருக்கும். பனி அதை மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பும். கராஜுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தைச் சூடேற்றுவதும் அதே விஷம்தான். டிரைவ்வேயை விட முதலில் திறக்க வேண்டியது அந்தக் குழாய்.

இவ்வளவும் தெரிந்த ஊரில்தான் மரணங்கள் நடக்கின்றன. 2022 நவம்பர் புயலில், பனி அகற்றும்போது ஏற்பட்ட இதயக் கோளாறால் இருவர் இறந்ததாக மாவட்ட நிர்வாகத் தலைவர் மார்க் போலன்கார்ஸ் அறிவித்தார். ஐந்து வாரங்களில் வந்தது கிறிஸ்துமஸ் புயல். எதிரே எதுவும் தெரியாத நிலை 37 மணி நேரம் நீடித்தது. ஆம்புலன்சுகளே சிக்கிக்கொண்டன, தீயணைப்பு வண்டிகளும் அப்படியே. சாதாரண நாளில் மாரடைப்பு வந்தால் பத்து நிமிடத்தில் உதவி வரும். அன்று பனி அள்ளப் போய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு யாரும் வர முடியவில்லை. வேறு சிலர் காருக்குள் இறந்தார்கள். சிலர் மின்சாரம் போன வீட்டுக்குள் குளிரில்.

அந்தப் பட்டியலில் ஓர் உண்மை உறுத்துகிறது. நகர எல்லைக்குள் இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். இவர்கள் அதிகம் வாழும் கிழக்குப் பகுதியில் வீடுகள் பழையவை, வருமானம் குறைவு. இரண்டு கட்ட இயந்திரம், சொந்தக் கராஜ், ஒரு வாரத்துக்கான சாமான் என்பதெல்லாம் புறநகரின் கணக்கு. வாகனத் தடை தாமதமாக அறிவிக்கப்பட்டதையும், நகரிடம் போதிய பனி அகற்றும் கருவிகள் இல்லாததையும் 2023இல் வந்த நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு சுட்டிக்காட்டியது. தெரு திறக்காவிட்டால் எவ்வளவு நல்ல இயந்திரம் வைத்திருந்தாலும் டிரைவ்வே போய்ச் சேரும் இடம் இல்லை.

இதே ஊருக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் கால்பந்து அணியின் முக்கிய ஆட்டம் பனியால் ஒரு நாள் தள்ளிப்போனது. மைதானத்தின் இருக்கைகளைத் தோண்டியெடுக்க ஆள் தேவை, மணிக்கு 20 டாலர், சாப்பாடு உண்டு என்று அணி நிர்வாகம் அறிவித்ததும் ரசிகர்கள் சொந்த ஷவலோடு வந்து நின்றார்கள். 2022 நவம்பர்ப் புயலில், வெளியூர் ஆட்டத்துக்குப் போக வேண்டிய வீரர்களின் டிரைவ்வேக்களை அண்டை வீட்டுக்காரர்களே வந்து திறந்துவிட்டார்கள். புகழ்பெற்றவர்களுக்கு மட்டும் நடப்பதல்ல இது. பெரிய இயந்திரம் வைத்திருப்பவர் தன் வீட்டு எல்லையில் நிறுத்துவதில்லை. நடைபாதை வழியாகவே ஓட்டிக்கொண்டு போய், தனியாக இருக்கும் முதியவரின் வாசலையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருகிறார். இதய நோயாளிக்கு எந்த ஷவல் நல்லது என்ற கேள்விக்குப் பஃபலோ தரும் நேர்மையான பதில் அதுதான்: அண்டை வீட்டுக்காரர்.

ஏப்ரலில் கடைசிப் பனிமேடு கறுத்துச் சுருங்கித் தெருமுனையில் ஒதுங்குகிறது. கவனமான வீட்டுக்காரர் அப்போதே அடுத்த நவம்பருக்குத் தயாராகிறார். தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிடுகிறார். விட்டுவைத்தால் எத்தனால் கலந்த பெட்ரோல் கோடையில் கெட்டுப்போய் கார்புரேட்டரை அடைத்துவிடும். எண்ணெயை மாற்றி, தேய்ந்த ரப்பரைக் கழற்றி, இயந்திரத்தைப் போர்த்திப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். முன்னுக்கு வருகிறது புல்வெட்டி.

குளிர் திரும்பியதும் ஒரு ஷவலை மட்டும் கராஜில் வைப்பதில்லை. 2014இல் கதவைத் திறந்து வெள்ளைச் சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பாடம் மறக்காது. ஷவல் கராஜில் இருந்து, கராஜுக்குப் போகும் வழியே பனிக்குள் இருந்தால் என்ன பயன்? அது முன்கதவுக்குப் பக்கத்தில், வீட்டுக்குள், சுவரில் சாய்ந்து நிற்கும். உள்ளேயிருந்து வழி தோண்டிக்கொள்ளலாம். யாராவது கதவைத் தட்டிக் கேட்டால் எடுத்தும் கொடுக்கலாம். கொடுப்பதா, உள்ளே வாருங்கள் என்று சொல்வதா என்பதை அன்றைய வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.